டீச்சரக் கேளுங்க: நுவரெலியாவும் மஸ்கெலியாவும் ஏன் ஒரே பேர்ல?

போன மாசம் ஒரு மகள் தொகுதியப் பத்தி ஒரு கேள்வி அனுப்பியிருந்தா, அடுத்த மாசம் பதில் எழுதுறேன்னு ஒரு வரி போட்டு விட்டேன், அவ்வளவுதான், கடதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவை சமையல் கேள்வி, படிப்புக் கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு முழுக்க இதுக்கே எழுதுறேன். எலெக்சன் கதை புடிக்காதவங்க பக்கத்தப் புரட்டிக்கங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

டீச்சர், எங்க தொகுதிய நுவரெலியா-மஸ்கெலியான்னு ரெண்டு ஊரச் சேத்து எழுதுறாங்க. நுவரெலியா எங்க இருக்கு, மஸ்கெலியா எங்க இருக்கு? யாரு இப்படி ஒட்டி வச்சது?
(ஓ.எல் மாணவி, கொட்டகலை)

நல்ல கேள்வி மகள். நுவரெலியால பஸ் ஏறி நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், நோர்வுட்னு வளைஞ்சு வளைஞ்சு மஸ்கெலியா போய்ச் சேருறதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி வந்துரும், அவ்வளவு தூரத்த ஒரே தொகுதியாக் கட்டினது 1976ல, தொகுதி எல்லை பிரிச்ச கமிஷன். அதுக்கு முந்தி நுவரெலியா தனித் தொகுதி, மஸ்கெலியா தனித் தொகுதி. இந்த ரெண்டையும் சேத்து மூணு எம்.பி. போற தொகுதியா ஆக்கினாங்க. நாட்டுல இந்த மாதிரி ஒண்ணுக்கு மேல ஆள் போற தொகுதி கொஞ்சந்தான், கொழும்பு மத்தி, பேருவளை, ஹாரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில்னு விரல் விட்டு எண்ணிரலாம்.

ஏன் மூணுன்னா, ஒரு ஆள் மட்டும் போற தொகுதியா இருந்தா கூட்டத்துல பெரிய கூட்டம் எதுவோ அதுதான் ஜெயிக்கும். அன்னைக்கு நம்ம மலையகத் தோட்டத் தமிழ் ஆளுங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஓட்டே கிடையாது, ஓட்டு இருந்தவங்களும் அங்கொண்ணு இங்கொண்ணா செதறிக் கெடந்தாங்க. மூணு ஆள் போற தொகுதின்னா ஒவ்வொருத்தருக்கும் மூணு ஓட்டு, அந்த மூணையும் ஒரே ஆளுக்கே போட்டாலும் செல்லும். அப்ப சின்னக் கூட்டமும் சிந்தாம சிதறாம போட்டா ஒரு ஆள உள்ள தள்ளிரலாம். 1977 ஜூலை 21ஆந் தேதி நடந்த எலெக்சன்ல அதேதான் நடந்துச்சு. மொதல் எடம் யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) காமினி திசாநாயக்க, ரெண்டாவது சுதந்திரக் கட்சி அனுர பண்டாரநாயக்க, மூணாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சௌமியமூர்த்தி தொண்டமான். யானை, கை, சேவல், மூணு சின்னமும் ஒரே தொகுதியில இருந்து பார்லிமெண்டுக்குப் போச்சு.

அந்த எலெக்சனுக்கு ரெண்டு மாசம் முந்தி, மே 11ஆந் தேதி, டெவன் தோட்டத்துல சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டுல செத்துப் போனாரு. நுவரெலியா மாவட்டத்துல 7,000 ஏக்கர் தோட்டக் காணிய எடுத்துப் பிரிச்சுக் குடுக்கப் போறாங்கன்னு நம்ம ஆளுங்க எதிர்த்து நின்னப்போ நடந்தது அது. அந்தச் சூட்டோடதான் ஜூலைல சேவலுக்குப் புள்ளடி (ஓட்டுச் சீட்டுல போடுற பெருக்கல் குறி) விழுந்துச்சுன்னு எங்க பக்கம் பெரியவங்க இப்பவும் சொல்லுவாங்க.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோ மகள். இன்னைக்கு நுவரெலியா-மஸ்கெலியா எம்.பி.ன்னு சட்டப்படி யாருமே கிடையாது. 1978 அரசியலமைப்போட மாவட்ட முறை வந்துருச்சு, எம்.பி. எல்லாரும் மாவட்டத்துக்குத்தான். கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை, நுவரெலியா-மஸ்கெலியான்னு நாலு தொகுதி பேரளவுல இருக்கு, எலெக்சன் ராத்திரி டீவியில தொகுதி முடிவு வாசிக்கிறதுக்கு மட்டும். அந்த நாலுலயும் நம்மதுதான் பருமன், மூணு லட்சத்துக்கு மேல ஓட்டு.

எங்க தாத்தா 1947ல ஓட்டுப் போட்டேன்னு சொல்லுவாரு, ஆனா எங்க அப்பா எனக்கு 94லதான் மொதல் ஓட்டுன்னு சொல்றாரு. தாத்தாவுக்கு இருந்த ஓட்டு மகனுக்கு எப்படி இல்லாமப் போச்சு? தாத்தா சும்மா கதை விட்டாரா?
(த்ரீவீல் ஓட்டுறவர், டயகம)

தாத்தா கதை விடல தம்பி. எங்க வீட்டுலயும் அச்சு அசல் இதே கதைதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கங்க.

1947 எலெக்சன்ல இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்புல ஏழு பேர் ஜெயிச்சாங்க. நுவரெலியா தொண்டமான், தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலை கே. குமாரவேலு, மஸ்கெலியா ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டி கே. இராஜலிங்கம், பதுளை எஸ்.எம். சுப்பையா, அளுத்நுவர டி. இராமானுஜம். இப்ப எலெக்சன் முடிவு வந்த மறுநாளே பாதிப் பேர் மறந்து போறோம், எங்க தாத்தா சாகுற வரைக்கும் இந்த ஏழு பேரையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாரு. அதுலயும் தலவாக்கலை சி.வி.ன்னா தனி மரியாதை. மடக்கும்புரத் தோட்டத்துல பொறந்து வளந்த மனுசன், கவிஞர், லயத்துப் பாட்டையெல்லாம் (லயம்னா தோட்டத்துல வரிசையாக் கட்டின தொழிலாளி வீடுங்க) தேடித் தேடி எழுதி வச்சவர், நம்ம ஊர்ப் புள்ள பார்லிமெண்டுல போய் நம்ம கதையப் பேசுதுன்னு சொல்லுவாரு.

அடுத்த வருசமே, 1948ல, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. உன் அப்பன் இங்க பொறந்தானா, பாட்டன் இங்க பொறந்தானா, காட்டு பேர்ப்பதிவக் கடதாசின்னாங்க. கொத்தமல்லித் தண்ணிக்கே கணக்கப்புள்ள கிட்ட துண்டு வாங்கின காலத்துல எவன் கிட்ட பாட்டனோட பேர்ப்பதிவு இருக்கும்? 1949ல இந்திய பாகிஸ்தானியருக்கு தனியா ஒரு சட்டம், அதே வருசம் தேர்தல் சட்டத்துல ஒரு திருத்தம், பிரஜை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லைன்னு கதவச் சாத்திட்டாங்க. சுமார் ஏழு லட்சம் பேர். 1952 எலெக்சன் வந்தப்போ ஏழு தொகுதியும் அப்படியே இருந்துச்சு, ஆளுங்களும் அதே லயத்துல அப்படியே இருந்தாங்க, ஓட்டு மட்டும் இல்ல. மலையகத்துல இருந்து நம்ம ஆள் ஒருத்தர் கூடப் போகல.

இதுல வயித்தெரிச்சல் எங்கன்னா கணக்குல. சோல்பரி அரசியலமைப்புப்படி 75,000 சனத்துக்கு ஒரு தொகுதி, 1,000 சதுர மைலுக்கு இன்னொண்ணுன்னு பிரிச்சிருந்தாங்க. சனம்னா சனம், ஓட்டு இருக்கா இல்லையான்னு பாக்கல. அப்ப தலைய எண்ணும்போது நம்மளையும் சேத்து எண்ணி எடம் குடுத்தாச்சு, பிறகு ஓட்டு மட்டும் புடுங்கியாச்சு. நம்ம தலைக்கணக்குல வந்த எடத்துக்கு மத்த ஆளுங்க போய் உக்காந்தாங்க. தாத்தா சொல்லுவாரு, எலெக்சன் கார் தோட்டத்து ரோட்டாலதான் போகும், ஸ்பீக்கர மட்டும் நிப்பாட்டிட்டுப் போவான், நாட்டுப்பக்கம் எறங்கினதும் திரும்பப் போடுவான்னு. லயத்துக்காரனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம், பெட்ரி வீணாப் போகும்ல.

பிறகு 1964 அக்டோபர் 30, இலங்கை இந்தியப் பிரதமர்மார் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேர பிறகு பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல சிறிமாவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. கோழிக்குஞ்சு பிரிக்கிற மாதிரி. எங்க சின்னத்தாத்தா குடும்பம் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, கடைசியா நீலகிரியில கொழுந்து எடுத்தாங்க. இங்க இருந்து போயும் கொழுந்துதான்.

எங்க அம்மாவுக்கு அந்த 3,00,000 கணக்குல கடதாசி கெடைச்சிருச்சு. ஆனா 77க்குப் பிறகு பார்லிமெண்ட் எலெக்சனே வரலையே, 82 டிசம்பர்ல சர்வஜன வாக்கெடுப்பு வச்சு இருந்த பார்லிமெண்டையே நீட்டிக்கிட்டாங்க. அதனால அம்மா பார்லிமெண்டுக்கு மொதல்ல ஓட்டுப் போட்டது 1989 பெப்ரவரி 15. நான்தான் கூட்டிப் போனேன். காலையில நாலு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சு, தீபாவளிச் சீலையக் கட்டி, ஐடென்டிய ஒரு ஷொப்பிங் பேக்ல சுத்தி அதை இன்னொரு ஷொப்பிங் பேக்ல போட்டு இடுப்புல சொருகிக்கிட்டு நின்னாங்க. தோட்டத்து ஸ்கூல்லதான் ஓட்டுப் போடுற எடம். உள்ள போனதும் மேசையில இருந்தவரு பேரு என்னன்னு கேட்டாரு, அம்மா கொஞ்சங்கூட யோசிக்காம தோட்டத்து வேலைப் பதிவு நம்பர், அந்த செக்ரோல் நம்பரச் சொன்னாங்க. முப்பது வருசமா பெரட்டுல, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற வரிசையில, நின்னா நம்பரத்தானே கேப்பாங்க. அவரு சிரிக்கல பாவம், அம்மா பேரு என்னம்மான்னு திரும்பக் கேட்டாரு.

அப்பாவுக்கு 1988 சட்டத்துலதான் கெடைச்சுது, சத்தியக் கடதாசி குடுத்தாப் போதும்னு அந்த வருசம் 39ஆம் இலக்கச் சட்டம் போட்டாங்க, அந்தக் கடதாசி கைக்கு வந்து, ஐடென்டி வந்து, வாக்காளர் இடாப்புல பேரு ஏறி, ஓட்டுப் போட்டது 94ல. உங்க அப்பாவும் அதே கோஷ்டின்னு நெனைக்கிறேன். அதுக்கும் பிறகு மிச்சம் இருந்தவங்களுக்கு 2003ல இன்னொரு சட்டம். 1948ல பூட்டின கதவத் தொறந்து முடிக்க 55 வருசம். தொண்டமான் ஐயா காலமானது 1999 அக்டோபர் 30, அந்த ஒப்பந்தம் போட்ட அதே தேதி, இதைச் சொன்னா எங்க அப்பா ஒண்ணுமே பேசாம வெத்தலைய மடிப்பாரு.

47ல இருந்து 77 வரைக்கும் முப்பது வருசம் நம்ம பக்கத்து ஆளே பார்லிமெண்டுல இல்லையா?
(ஓய்வு பெற்ற கண்டக்டர், ஹட்டன்)

52க்குப் பிறகு ஓட்டு வாங்கி யாரும் போகல அண்ணே. ஆனா அப்ப நியமன எம்.பி.ன்னு ஒண்ணு இருந்துச்சு. 1960ல தொண்டமான நியமிச்சாங்க, 65லயும் அவரு, 70ல சிறிமா அம்மையார் ஆட்சியில ஏ. அஸீஸ். கவர்மென்டுக்குப் புடிச்சா உண்டு, புடிக்கலைன்னா இல்ல, விருந்தாளி மாதிரித்தான்.

நடேசய்யர் நடேசய்யர்னு மேடையில எல்லாரும் சொல்றாங்க. அவரு நம்ம எம்.பி.யா இருந்தவரா?
(ஏ.எல் மாணவன், இராகலை)

எம்.பி.ன்னு சொல்லக்கூடாது, அரசாங்க சபை உறுப்பினர். 1931ல டொனமூர் அரசியலமைப்பு வந்து நாட்டுக்கே சர்வஜன வாக்குரிமை வந்தப்போ ஹட்டன் தொகுதியில இருந்து போட்டியில்லாமப் போனவரு பெரி. சுந்தரம், தொழில் அமைச்சராவும் ஆனாரு. அந்தக் காலத்துலயே நம்ம தொகுதிக்கு மந்திரி இருந்திருக்காரு பாத்துக்கோ. தலவாக்கலைக்கு எஸ்.பி. வைத்திலிங்கம். 1936ல ஹட்டன்ல ஜெயிச்சது கோ. நடேசய்யர், தஞ்சாவூர்க்காரரு, பத்திரிகைக்காரரு. தோட்டத்துக்குள்ள வெளியாள் கால் வைக்க ஏலாத காலத்துல புடவை யாவாரி வேசம் போட்டு லயத்துக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்து எழுதினவரு. 1931லயே தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டினாரு. அவரு மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டத்துல மொதல்ல பாடுவாங்க, பாட்டக் கேட்டுச் சனம் கூடும், பிறகு ஐயர் பேசுவாரு. மைக் இல்லாத காலம், அந்த அம்மாவோட குரல்தான் மைக். ஐயர் பேரச் சொல்ற மேடையில அந்த அம்மா பேரையும் சொல்லச் சொல்லு தம்பி.

நான் மூணு இலக்கத்துக்கும் புள்ளடி போட்டேன், மூணு பேருமே தோத்துட்டாங்க. அப்ப என் ஓட்டு குப்பைக்கா போச்சு? 8 எடத்த எப்படித்தான் பிரிக்கிறாங்க?
(கடை வச்சிருக்கும் வாசகர், பொகவந்தலாவ)

குப்பைக்குப் போகல. உங்க கையில ரெண்டு வேலை இருக்கு. மொதப் புள்ளடி கட்சிக்கு, அதுதான் எத்தனை எடம்னு முடிவு பண்ணுறது. பிறகு போடுற மூணு விருப்பு வாக்கு, அந்தக் கட்சி லிஸ்ட்ல யாரு போறதுன்னு முடிவு பண்ணுறது. நம்ம மாவட்டத்துக்கு 8 எடம், ஒவ்வொரு லிஸ்ட்லயும் 11 பேரு.

கணக்கு இப்படி. 5 சதவீதத்துக்குக் கீழ எடுத்த கட்சியெல்லாம் வெட்டுப்படும். மாவட்டத்துல கூடுதலா ஓட்டு எடுத்த கட்சிக்கு ஒரு எடம் போனசா போயிரும். மிச்சம் 7. இப்ப உதாரணத்துக்கு ஒரு கட்சி 1,60,000, இன்னொண்ணு 1,00,000, மூணாவது 65,000 எடுத்திருக்குன்னு வைங்க, மொத்தம் 3,25,000. அதை 7ஆல பிரிச்சா ஒரு எடத்தோட வெல 46,429 ஓட்டு. மொதக் கட்சி மூணு எடம் வாங்கிட்டு கையில 20,700 சொச்சம் மிச்சம் வச்சிருக்கும், ரெண்டாவது ரெண்டு எடம் வாங்கி 7,100 சொச்சம் மிச்சம், மூணாவது ஒரு எடம் வாங்கி 18,500 சொச்சம் மிச்சம். ஆறு எடம் போயிருச்சு, கடைசி ஒண்ணு மிச்சம் கூட வச்சிருக்கிறவனுக்கு, அதாவது மொதக் கட்சிக்கு. போனசையும் சேத்தா அவனுக்கு 5, அடுத்தவனுக்கு 2, மத்தவனுக்கு 1. 2024 நவம்பர்ல நம்ம மாவட்டத்துல விழுந்ததும் 5-2-1தான், தேசிய மக்கள் சக்தி 5, ஐக்கிய மக்கள் சக்தி 2, யானைச் சின்னத்துல கேட்ட தொழிலாளர் காங்கிரசுக்கு 1.

இதுல நம்ம ஆளுங்க கத்துக்கிட்ட வித்தை ஒண்ணு உண்டு. மூணு இலக்கத்தையும் நம்ம ஆளுக்கே போடுறது. 77ல மூணு ஓட்டையும் ஒருத்தருக்கே குடுத்தோம்ல, அதே புத்தி புது முறையில வேற மாதிரி வேலை செய்யுது. 2015ல ஜெயிச்ச 8 பேர்ல 5 பேர் தமிழ் ஆளுங்க, திகாம்பரம், இராதாகிருஷ்ணன், திலகராஜ் ஒரு பக்கம், ஆறுமுகன் தொண்டமான், முத்து சிவலிங்கம் மறு பக்கம். 2020லயும் 5 பேர். அந்த வருசம் மே 26ல ஆறுமுகன் காலமாகி, மகன் ஜீவன் ஒரு லட்சத்துக்கு மேல விருப்பு வாக்கு எடுத்துப் போனாரு. தாத்தா, பேரன், பேரனோட மகன்னு ஒரு குடும்பம் போறதப் பத்தி உங்க அபிப்பிராயம் உங்களுக்கு, ஆனா காமினி திசாநாயக்கவுக்குப் பிறகு அவரு மகன் நவீனும் நம்ம மாவட்டத்துலதான் எம்.பி.யா இருந்தாரு, அதையும் சேத்துத் திட்டுங்க.

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. 47ல ஏழு பேரு போனாங்க, அதுக்குப் பிறகு மந்திரியே இருந்தாங்க. நான் பொறந்த லயம் 1920ல கட்டினது, இன்னும் அதுலதான் எங்க அம்மா இருக்கு. யாரு போய் என்னத்தக் கிழிச்சாங்க?
(கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்பவர், சொந்த ஊர் மஸ்கெலியா)

கோவிக்கல மகன், கோவப்பட வேண்டியது நீதான். ஆனா கோவத்த எங்க எறக்கணும்னு பாத்து எறக்கணும், அதுக்காகச் சொல்றேன்.

லயம் நிக்கிற காணி யாரோடதுன்னு மொதல்ல கேளு. 1970கள்ல காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்கள் கவர்மென்டுக்குப் போச்சு. 1992ல கம்பனிக்கு நிர்வாகத்தக் குடுத்தாங்க, பிறகு 53 வருசக் குத்தகைக்கு மாத்தினாங்க, அது 2045 வரைக்கும். அப்ப காணி கவர்மென்டோடது, கையில வச்சிருக்கிறது கம்பனி, குடியிருக்கிறது உன் அம்மா. ஒரு கக்கூஸ் கட்டணும்னாலும் தொரை ஆபிசுல கையெழுத்து வேணும். எம்.பி. பணம் ஒதுக்கினாலும் காணி எங்கன்னு கேள்வி வந்து நிக்கும்.

பிரதேச சபை கதை இன்னும் மோசம். 1987ல போட்ட பிரதேச சபைச் சட்டத்துல, 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு, அதை வச்சு தோட்டத்துக்குள்ள சபைப் பணத்தச் செலவழிக்க ஏலாதுன்னு தட்டி விட்டுருவாங்க. ஓட்டு வாங்க மட்டும் லயத்துக்கு வரலாம், ஒரு பாலத்துக்குக் கல்லுப் போடணும்னா ஏலாது. 2018லதான் அதைத் திருத்தினாங்க, முப்பது வருசம் கழிச்சு. அதே நேரத்துல நுவரெலியா, அம்பகமுவன்னு ரெண்டா இருந்த பிரதேச சபைய நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வுட், மஸ்கெலியான்னு ஆறாப் பிரிச்சாங்க. அதே 2018ல மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபைக்கும் சட்டம் வந்துச்சு. இதெல்லாம் எம்.பி.மார் செஞ்சதுதான், ஒத்துக்கணும். 7 பேர்ச் காணியில தனி வீடுன்னு வந்ததும் அந்தக் காலத்துலதான்.

அதுக்காக அவங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரல. நம்ம பக்கம் சங்கத் தலைவரும் எம்.பி.யும் ஒரே ஆள். மாசாமாசம் சம்பளத்துல சந்தா வெட்டுறாங்க, அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை ஓட்டும் கேக்குறாங்க. கம்பனியோட பேசுற மேசையிலயும் அவரு, கவர்மென்ட் மேசையிலயும் அவரு, சம்பளப் பிரச்சினை வந்தா எந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டுப் பேசுறாருன்னு நமக்கே தெரியாது. நான் ஸ்கூல்ல இருந்தப்போ ஒரு கூரை தகரத்துக்கு ஒரு பெரிய மனுசர் கிட்ட போனேன், பேரு வேணாம், மொத கேள்வியே அப்பா எந்தச் சங்கத்துலம்மான்னுதான். மழையில நனையுற புள்ளைக்கு என்னங்க சங்கம்? தகரம் பிறகு பழைய மாணவர் சங்கப் புள்ளைங்க காசு சேத்துப் போட்டது.

உன் அம்மாவுக்குப் புது வீட்டு லிஸ்ட்ல பேரு இருக்கான்னு கேட்டுப் பாரு. இல்லைன்னா அவங்க கையெழுத்தோட ஒரு கடதாசி பிரதேச செயலகத்துக்கு ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பு, துண்ட வச்சுக்கோ. துண்டு இல்லாதவன் கதை என்னன்னு 48ல பாத்தாச்சு.

94ல ஒரு ஓட்டுல ஆட்சி வந்துச்சுன்னு எங்க மாமா சொல்றாரு. நம்ம ஆள் ஓட்டாமே?
(தலவாக்கலை)

ஆமா. 225ல 113 வேணும். சந்திரிகாவோட பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸ் 7, கூட்டினா 112. அந்த மிச்சம் ஒண்ணு பெ. சந்திரசேகரன், மலையக மக்கள் முன்னணி, நுவரெலியா மாவட்டத்துல சுயேச்சையாக் கேட்டுப் போனவரு. 52ல ஒரு எடமும் இல்லாத சனத்தோட ஒத்தை எடந்தான் 94ல ஆட்சியத் தூக்கி நிறுத்துச்சு. 2010 ஜனவரி 1ஆந் தேதி காலமானாரு. மாமா அன்னைக்குச் சந்திரசேகரனுக்குப் போட்டாரான்னு கேட்டு எழுதுங்க.

எப்பப் பாத்தாலும் ஆம்பளைங்க பேராவே சொல்றீங்களே டீச்சர்?
(கொழுந்து எடுக்கும் வாசகி, நோர்வுட்)

மாட்டிவிட்டுட்ட தங்கச்சி. என்ன செய்ய, லிஸ்ட்டே அப்படித்தான். சங்கத்துல மாதர் தலைவி இருப்பாங்க, மே தினத்துக்குச் செவப்புச் சீலை கட்டி முன்னால நடப்பாங்க, வேட்புமனு எழுதும்போது மட்டும் அவங்க பேரு யாருக்கும் ஞாபகம் வராது. மலையகத் தமிழ்ப் பொம்பளைங்க ஓட்டு வாங்கி பார்லிமெண்டுக்குப் போனது 2024லதான் மொதத் தடவை. நம்ம மாவட்டத்துல கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில அம்பிகா சாமுவேல், ரெண்டு பேரும் தேசிய மக்கள் சக்தி. 1931ல பொம்பளைக்கும் ஓட்டு வந்துச்சு, 2024ல எடம் வந்துச்சு. கூடையத் தலையில மாட்டிக்கிட்டு 93 வருசம்.

அவங்க நல்லாச் செய்வாங்களா இல்லையான்னு உங்க தோட்டத்துக்கு வந்தா நேராக் கேளுங்க, பொம்பளைன்னு சலுகை குடுக்க வேணாம்.

மாகாண சபைன்னு ஒண்ணு இருந்துச்சே, அது செத்துப் போச்சா?
(வட்டவளை)

சாகல, கோமாவுல கெடக்கு. மத்திய மாகாண சபைக்குக் கடைசியா ஓட்டுப் போட்டது 2013 செப்டம்பர்ல, 58 உறுப்பினர், நம்ம மாவட்டத்துக்கு 16. 2018ல காலம் முடிஞ்சு போச்சு. எலெக்சன் முறைய மாத்துறோம்னு 2017ல சட்டத்தத் திருத்தினாங்க, எல்லை பிரிச்ச அறிக்கை 2018ல பார்லிமெண்டுல தோத்துப் போச்சு, பழைய முறைக்கும் போக ஏலல, புது முறைக்கும் போக ஏலல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை கேட்டா மாகாணத்தக் கேளுன்னு சொல்லுவாங்க, அங்க கேக்க ஓட்டு வாங்கின ஆள் ஒருத்தரும் இல்ல, ஆளுநர் மட்டுந்தான்.

நான் கொழும்புல வேலை, ஓட்டு ஊர்ல. இந்தத் தடவை இடாப்புல பேரு இல்லைன்னுட்டாங்க. என்ன செய்றது?
(அக்கரப்பத்தனை)

எனக்கே ஒரு வருசம் அப்படி ஆச்சு தம்பி. முப்பது வருசம் எலெக்சன் கடமைக்குப் போனவ நான், என் பேரே இல்ல. போய்க் கேட்டா உங்க லய நம்பருக்கு வேற குடும்பம் பதிஞ்சிருக்குன்னாங்க. ஒரே அட்ரஸ்ல முப்பது குடும்பம், தோட்டத்துப் பேரும் டிவிசன் பேரும் மட்டுந்தான், வீட்டு நம்பர் கிடையாது, கடதாசி ஆபிசுல போட்டுட்டுப் போவான், அங்க இருந்து எவன் கையிலயாவது குடுத்து விடுவான், அது நமக்கு வந்தா வந்துச்சு. வருசா வருசம் இடாப்பு திருத்துறப்போ ஜீ.எஸ். (கிராம சேவகர்) கிட்ட போய் பேரு இருக்கான்னு கண்ணால பாருங்க. ஆன்லைன்லயும் தேர்தல் ஆணைக்குழு தளத்துல ஐடென்டி நம்பர் போட்டுப் பாக்கலாம். ஊருக்கு வர ஏலலன்னா அம்மாவையோ தங்கச்சியையோ அனுப்புங்க. எலெக்சன் அறிவிச்ச பிறகு ஓடிப் பிரயோசனம் இல்ல.

எங்க பாட்டி ஓட்டுப் போடப் போய் சேவலக் காணோம்னு சண்டை போட்டுட்டு வந்துருச்சு. காங்கிரசுக்குச் சேவல்தானே?
(நோர்வுட்)

சேவல்தான், ஆனா பார்லிமெண்ட் எலெக்சனுக்கு நுவரெலியாவுல அது அடிக்கடி வேற கூட்டுல போய் அடைஞ்சுக்கும். 77ல சேவலாவே வந்துச்சு. 89ல யானை, 2015ல வெத்தலை, 2020ல மொட்டு, 2024ல திரும்ப யானை. கடைசியில பாட்டி எதுக்குப் புள்ளடி போட்டுச்சு? அதை எழுதலையே. சேவலப் படம் வரைஞ்சு புள்ளடி போட்டிருந்தா அது செல்லாது, அடுத்த தடவை கூட்டிப் போறப்போ காதுல சொல்லி வைங்க.